கொங்கு நாட்டு மட்பாண்ட ரெசிடென்சி: வந்து தங்கும் கலைஞர் எந்த மண்ணில் வேலை செய்ய வேண்டும்?

நொய்யல்கரை எழுதியது:

காங்கேயத்திற்கும் சென்னிமலைக்கும் இடையே ஒரு கிராமத்தில், பழைய கொப்பரைக் களத்தை ஒட்டிக் கட்டப்பட்ட மட்பாண்ட ரெசிடென்சி ஒன்றில் ஆனி மாதம் முதல் தங்கி வேலை செய்து வருகிறேன். தங்குவதற்கு அறை, சாப்பாடு, சக்கரம், எரிவாயுச் சூளை எல்லாம் கொடுக்கிறார்கள். பதிலுக்கு, இங்கே செய்தவற்றில் ஒரு பங்கை விட்டுச் செல்ல வேண்டும்; ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு.

எங்கள் பட்டறையின் மூலையில் அடுக்கியிருக்கும் ஸ்டோன்வேர் (உயர்ந்த வெப்பத்தில் சுடும் பாண்டம்) களிமண் மூட்டைகள் வெளியூரிலிருந்து லாரியில் வருகின்றன. பட்டறையின் சன்னலைத் திறந்தால் தெரியும் குளத்திலோ, ஈரத்தோடு எடுத்து உருட்டினால் ஒடியாமல் விரலைச் சுற்றி வளையும் வண்டல் கிடக்கிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு குலாலர் (குயவர்) வீட்டில் அதே வண்டலை மிதித்துக் கார்த்திகைக்கு அகலும் தைக்குப் பொங்கல் பானையும் செய்கிறார்கள். மண்ணும் எரிபொருளும் வெளியிலிருந்துதான் வர வேண்டுமென்றால், இந்த ரெசிடென்சியைக் கோவையிலோ சென்னையிலோ வைத்திருக்கலாமே, இந்த ஊருக்கு ஏன் வந்தோம் என்ற எண்ணம் என்னை விடுவதாக இல்லை.

இந்த ஊர் தன் வேலையை நமக்குக் கற்றுக்கொடுக்காமல் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இங்கே ஓய்வதே இல்லை. காலையில் சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்து வைத்த கிண்ணத்தின் மேற்கு விளிம்பு மதியத்திற்குள் வெளுத்துவிடும். கிழக்கு விளிம்பில் அப்போதும் விரல் பதியும். ஒரே கிண்ணம் இரண்டு வேகத்தில் சுருங்கினால் வாய் கோணும், அல்லது விளிம்பிலிருந்து விரிசல் கீழே இறங்கும். குலாலர் வீட்டில் மேற்குப் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, விளிம்பு இறுகியதும் பாண்டத்தைக் கவிழ்த்து வைக்கிறார்கள். நானும் இப்போது அப்படியே செய்கிறேன். என் நூல்கள் எதிலும் ஆடிக் காற்றுக்கு ஒரு பத்தி கூட இல்லை.

நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணல் இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்விலும் அதன் பிறகு நடந்தவற்றிலும் அங்கே தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பாண்டங்களும், செங்காவிப் பூச்சோடு வெள்ளைக் கோடுகள் தீட்டிய பாண்டங்களும் அங்கே ஏராளம். இந்த இரண்டாம் வகை கொங்குப் பகுதியில் மிகுதியாகக் கிடைப்பது. இத்தனை நீண்ட மரபுள்ள இடத்தில் வெளியூர் மூட்டையை மட்டுமே அவிழ்த்து வேலை செய்வது சரிதானா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சக்கரத்தடி எழுதியது:

நான் கோவையில் ஸ்டோன்வேர் பாத்திரங்கள் செய்து விற்றுப் பிழைப்பவன். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியில் வந்த ஒருவரிடம் தொழில் கற்றேன். உங்கள் கேள்வியில் இருக்கும் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மண்ணைத் தேர்வு செய்வது நெருப்பைத் தேர்வு செய்வதும்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

குளத்து வண்டலில் இரும்பும் சுண்ணாம்பும் மிகுதி. 900 டிகிரி வரை அது அழகாக வேகும். 1100-ஐத் தாண்டினால் வளையத் தொடங்கும், கொப்பளிக்கும், கடைசியில் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் எரிவாயுச் சூளை 1280-க்குப் போகும் சூளை. அதற்கு அந்த மண் தாங்காது. 900-இல் நிறுத்தினால் பாண்டம் நீரை உறிஞ்சும். தண்ணீர் குளிர்வதற்கு அது நல்லது. ஆனால் புளிக்குழம்பு ஊற்றி வைக்கும் கிண்ணத்திற்குக் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடி போலாகும் மேற்பூச்சு) வேண்டும், அந்தச் சூட்டில் உருகும் கிளேஸுக்குப் பழைய நாளில் பெரும்பாலும் ஈயத்தைத்தான் நம்பினார்கள். புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து வரும். ஈயமில்லாத தாழ்வெப்பக் கிளேஸ்கள் இன்று கிடைக்கின்றன என்றாலும், அவை அந்தந்த மண்ணின் சுருக்கத்தோடு பொருந்தாவிட்டால் வெடித்துப் பெயரும்.

இன்னொன்று, காலம். உள்ளூர் மண்ணைச் சோதித்து, கலவை சேர்த்து, நம்பிக்கையான நிலைக்குக் கொண்டுவருவதற்கே ஒரு ரெசிடென்சியின் காலம் முழுவதும் போய்விடும். அதே குளத்தில் பத்தடி தள்ளித் தோண்டினால் மண் வேறாக இருக்கும். வீட்டையும் வருமானத்தையும் விட்டுவிட்டு வரும் கலைஞருக்குக் கையில் இருப்பது அந்த நாட்கள் மட்டும்தான். அவற்றைச் சல்லடையோடு கழிக்கச் சொல்வது எல்லோருக்கும் நியாயமாகாது. கொடுமணல் பாண்டங்களின் மேல் எனக்கும் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவை தாழ்ந்த வெப்பத்தில், வேறு தேவைக்காகச் சுடப்பட்டவை.

குலாலன் மகன் எழுதியது:

நொய்யல்கரை அக்காவுக்கும் சக்கரத்தடி ஐயாவுக்கும் வணக்கம். எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். அப்பா இன்றும் சக்கரம் சுற்றுகிறார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் மண் மிதிக்கும் வேலை என்னுடையது. எனவே மண்ணைப் பற்றியும் எழுதுகிறேன், எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளைப் பற்றியும் எழுதுகிறேன்.

குளத்து மண்ணைத் தனியாக நாங்கள் பயன்படுத்துவதில்லை. வண்டல், கொஞ்சம் செம்மண், சலித்த ஆற்று மணல் மூன்றையும் சேர்ப்போம். எதற்கு எவ்வளவு என்பது செய்யும் பாண்டத்தைப் பொறுத்தது. அகலுக்கு மணல் குறைவு. அடுப்பில் ஏறும் சட்டிக்கு மணல் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் தீயில் வெடிக்கும். மண்ணைக் குழியில் ஊறவைத்துப் புளிக்க விட்டு, பிறகு வட்டமாகப் பரப்பி, வெளியிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி மிதிப்போம். கண்ணுக்குத் தப்பிய கல் குதிகாலில் குத்தும். குனிந்து பொறுக்கி எறிந்துவிட்டு அடுத்த அடி வைப்போம். ஐயா சொன்ன சல்லடை வேலையை எங்கள் வீட்டில் கால் செய்கிறது. இவ்வளவு தெரிந்த ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது, சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரெசிடென்சியிலிருந்து அப்பாவை அழைத்துப் போனார்கள். பானையின் அடியைத் தட்டுப்பலகையாலும் கல்லாலும் தட்டி மூடுவதை அவர் நாள் முழுக்கச் செய்து காட்டினார். அவர்கள் படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், கையில் தட்டுப்பலகையை வாங்கிப் பழகினார்கள். கிளம்பும்போது அவர் செய்து முடித்த பானைகளை எண்ணி, சந்தை விலையைக் கொடுத்தார்கள். பிறகு நகரத்தில் நடந்த கண்காட்சியில் அந்தப் பானைகளை அடுக்கி ஒரு படைப்பாக வைத்திருந்தார்கள். அதன் கீழே கலைஞரின் பெயரும் ‘ஊர்க் குயவர் ஒருவரின் உதவியுடன்’ என்ற வரியும் இருந்தன. அப்பாவுக்குப் பெயர் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும், கண்காட்சியில் பெயரும் கொடுக்க வேண்டும் என்பதுதான் நாங்கள் கேட்பது.

உடுமலைப்பேட்டைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குத் தைப்பொங்கல் சமயத்தில் போனால், தங்கள் மாடுகன்று நோயின்றி இருக்க வேண்டிக்கொண்டவர்கள் வைத்த மண் உருவாரங்களைப் பார்க்கலாம். ஒரு காளை உருவாரத்தில் எத்தனை வேலை இருக்கிறது என்று அருகில் நின்று பாருங்கள். அளவு பெரிதானால் கால்களும் உடலும் உள்ளே கூடாக இருக்க வேண்டும். மண்ணில் உமி சேர்ப்பதால் கனத்த இடம் கூட வெடிக்காமல் காய்கிறது, சூளையில் உமி எரிந்து நுண்துளை விடுவதால் நீராவியும் வெளியேறுகிறது. கொம்பு கடைசியில் ஒட்டப்படும். திமிலின் சாய்வைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பில் கொண்டுவருவார் அப்பா. இதைச் சிற்பம் என்று சொல்லி எந்த ரெசிடென்சியும் அவரைத் தங்கி வேலை செய்ய அழைத்ததில்லை. வந்து தங்கும் கலைஞர் எந்த மண்ணில் செய்ய வேண்டும் என்று கேட்கும்போதே, அங்கே தங்கும் கலைஞர் யாராக இருக்கலாம் என்றும் கேளுங்கள்.

கல்தேடி எழுதியது:

நான் நிலவியல் படித்தவன், மட்பாண்டம் செய்பவன் அல்லன். ஆயினும் ஸ்டோன்வேரா உள்ளூர் மண்ணா என்று இரண்டாகப் பிரிப்பது இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது என்பதால் எழுதுகிறேன். ஸ்டோன்வேர் கலவைக்கும் கிளேஸுக்கும் வேண்டிய ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள் கரூர், நாமக்கல் பகுதிகளில் வெட்டி எடுக்கப்படுகின்றன. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் மேக்னசைட் என்ற கனிமம் உலைகளுக்கான ஒரு வகைத் தீச்செங்கல் செய்யப் பயன்படுவது. உத்தரவுப் பெட்டியால் (பக்தரின் கனவில் முருகன் சொல்லும் பொருளை வைக்கும் பெட்டி) நாம் எல்லோரும் அறிந்த சிவன்மலை, நிலவியலாருக்கு நெஃபலின் சையெனைட் (nepheline syenite) என்ற பாறையால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த மலை. அந்தப் பாறை வகை ஃபெல்ட்ஸ்பாரைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். உலகெங்கும் கிளேஸிலும் களிமண் கலவையிலும் அதைச் சேர்க்கிறார்கள். மலை முருகனுடையது, அதில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டியபோது வெளியே வந்து வரப்போரம் குவிந்திருக்கும் கற்களில், நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு கூடை எடுத்துச் சோதிப்பதே போதும்.

மண்ணும் நெருப்பும் எழுதியது:

வெவ்வேறு ரெசிடென்சிகளில் தங்கி வேலை செய்தவள் என்ற முறையில் நொய்யல்கரை அவர்களின் பக்கம்தான் நிற்கிறேன். அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள ஆர்ச்சி ப்ரே மையம் 1951-இல் ஒரு செங்கல் தொழிற்சாலையின் வளாகத்தில்தான் தொடங்கப்பட்டது. ஜப்பானின் ஷிகராக்கியில் கலைஞர்கள் வந்து தங்கும் இடம், பல நூற்றாண்டுகளாகச் சூளை எரியும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அந்த இடங்கள் அங்கே அமைந்ததற்குக் காரணம் மண்ணும் அதை அறிந்த தொழிலாளர்களும். நம் நாட்டில் நிலம் மலிவாகக் கிடைத்ததாலோ, நிறுவியவரின் பூர்வீகத் தோட்டம் இருந்ததாலோ கிராமத்தில் ரெசிடென்சி அமைகிறது. அதில் தவறில்லை, ஆனால் அமைந்த பிறகாவது காலடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

சக்கரத்தடி ஐயா காலத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆயினும் ரெசிடென்சியில் காலம் எதற்குக் கிடைக்கிறது? வீட்டில் இருந்தால் ஆர்டர், தவணை, பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருந்து என்று எல்லாவற்றுக்கும் நடுவே தெரிந்த வேலையைத்தான் செய்ய முடியும். பலன் தெரியாத வேலைக்கு நாட்களைக் கொடுக்க முடிவது இங்கே மட்டும்தான். நான் முதன்முறை கிராமத்து ரெசிடென்சிக்குப் போனபோது என் மகள் தொடக்கப் பள்ளியில் இருந்தாள். ஆறு மணிக்கு எழுந்து பட்டறையைத் திறந்ததும் யாருக்கும் டிபன் கட்ட வேண்டியதில்லை என்ற நினைவே கொஞ்ச நாளுக்கு நெஞ்சை அழுத்தியது. அதன்பின் அந்தக் காலை நேரம் எனக்குக் கொடுத்ததை வேறெதுவும் கொடுத்ததில்லை.

ஊர் வாழ்க்கையைப் பற்றி யாரும் எழுதாததால் சிலவற்றைச் சொல்கிறேன். தனியாக வந்து தங்கும் பெண்ணிடம் ‘ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க?’ என்று முதல் வாரத்திலேயே கேட்பார்கள். அது பெரும்பாலும் அக்கறையில் கேட்கும் கேள்வி. நிதானமாகப் பதில் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அதே வீட்டிலிருந்து கம்மங்கூழ் வரும். மும்முனை மின்சாரம் எல்லா நேரமும் இருக்கும் என்று நம்பி மின்சூளை நிரலைப் போடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருந்தால், காயும்போது அது மேற்பரப்புக்கு வந்து சுட்ட பாண்டத்தில் வெள்ளையாகப் படியும். களிமண் கரைக்க மழைநீரைப் பிடித்து வையுங்கள். பட்டறையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. களிமண் தூசியில் சிலிகா இருக்கிறது, அது நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, ஆடிக் காற்றில் பட்டறை முழுக்கப் பறக்கும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். வகுப்புக்குப் பிள்ளைகள் வரும் இடத்தில் இதை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

குலாலன் மகன் தம்பிக்கு: உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநீதி. அதை வேறு சொல்லால் மென்மையாக்கத் தேவையில்லை. ரெசிடென்சி ஒப்பந்தத்தில் வந்து தங்குபவரின் கடமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஊரில் கற்றுக்கொடுப்பவரின் உரிமைகளும் அதே தாளில் எழுதப்பட வேண்டும்.

சக்கரத்தடி எழுதியது:

ஆசிரியருக்குரிய ஊதியம் பற்றித் தம்பி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மண்ணைப் பற்றிய என் எச்சரிக்கையைக் கைவிடவில்லை, ஆனால் கல்தேடி எழுதியதைப் படித்தபின் ஒரு வழியைச் சொல்லத் தோன்றுகிறது. 1280-இல் உருகிவிடும் என்று நான் குறையாகச் சொன்ன குணமே கிளேஸுக்கு வேண்டிய குணம். வண்டலை நன்றாகக் கரைத்துச் சலித்து, சலித்த மரச்சாம்பலோடு பாதிக்குப் பாதி சேர்த்து ஸ்டோன்வேர் கிண்ணத்தின் மேல் பூசினால், அந்த மண்ணின் இரும்பே தேன் நிறத்திலிருந்து கருங்காப்பி நிறம் வரை கொடுக்கும். சாம்பலுக்குச் சீமைக்கருவேலம் உங்கள் ஊரில் தாராளமாக இருக்கும். அதன் சாம்பல் உருக்கும். நெல் உமிச் சாம்பல் பெரும்பகுதி சிலிகாவாக இருப்பதால் தனியாக உருகாது, ஆனால் சிறிது சேர்த்தால் பால் போன்ற மங்கல் தரும். பாதிக்குப் பாதி என்பது தொடக்கம்தான். பத்துப் பங்கில் ஒன்று முதல் ஒன்பது வரை மாற்றி வரிசையாகச் சோதனைத் தட்டுகள் செய்யுங்கள். தட்டுகளைச் சிறு கிண்ணத்தில் வைத்துச் சுடுங்கள். வழிந்தால் சூளைத் தட்டு பாழாகாது.

உள்ளூர் மண்ணிலேயே பாண்டம் செய்வதாக இருந்தால் சுக்கான்கல்லை (மண்ணில் கலந்து கிடக்கும் சுண்ணாம்புக் கல்) கவனியுங்கள். கொங்கு மண்ணில் அது எங்கும் உண்டு. கடுகளவு துண்டு உள்ளே இருந்தாலும், சூளையில் சுட்ட சுண்ணாம்பாக மாறி, வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, பாண்டத்தின் மேல் சில்லைத் தள்ளிவிடும். சூளை திறந்த அன்று குறையில்லாத பானையில், சில நாள் கழித்து நடுவில் வெள்ளைப் புள்ளியோடு சிறு பள்ளம் தெரியும். இதற்குத் தம்பியின் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

குலாலன் மகன் எழுதியது:

ஐயா, அப்பாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். மண்ணை எந்த இடத்தில் எடுப்பது என்பதில்தான் பாதி வேலை முடிகிறது: குளத்தின் கரையோரம் சுக்கான் அதிகம் என்பதால், நடுப்பள்ளத்தில் மேலாக எடுப்போம். சந்தேகம் இருந்தால் ஒரு கட்டியைக் காயவைத்து அதில் புளிக்கரைசலையோ எலுமிச்சைச் சாற்றையோ விடுவார். நுரைத்தால் அந்த மண்ணை அகலுக்கு ஒதுக்கிவிடுவார். மண் கரைக்கும்போது ஒரு கைப்பிடி கல்லுப்பும் போடுவதுண்டு. சூளை பிரித்த சூடு அடங்குவதற்குள் பானைகளைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார். அப்படிச் செய்தால் சுண்ணாம்பு பருக்காமல் இளகி அடங்கிவிடும் என்கிறார்.

அனுமதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளத்தில் மண் எடுக்க முன்பெல்லாம் அலைச்சல் அதிகம். 2024-இல் விதியை மாற்றி, விவசாயத்துக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் வண்டலும் களிமண்ணும் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். ரெசிடென்சியின் பெயரில் தனியாக எடுக்க முயல்வதைவிட, உங்கள் ஊர்க் குலாலர் எடுக்கும் மண்ணில் ஒரு பங்கை அவரிடமே விலைக்கு வாங்குங்கள். குளம் நிறைந்துவிட்டால் அந்த ஆண்டு மண் கிடையாது. எனவே ஐப்பசி மழைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

நொய்யல்கரை எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஊதியம், பெயர் பற்றித் தம்பி எழுதியதையும், அங்கே தங்கும் கலைஞர் யாராக இருக்கலாம் என்ற அவருடைய கேள்வியையும் ரெசிடென்சி பொறுப்பாளரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ஊர்க் குலாலருக்கு வகுப்பு நாள் ஒவ்வொன்றுக்கும் வெளியூர்ப் பயிற்றுநருக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுப்பதற்கும், அவருடைய பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் கண்காட்சி அட்டையில் போடுவதற்கும் ஒப்புக்கொண்டிருக்கிறார். மனைவியின் பெயரை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். மண் அரைப்பது, காவி பூசுவது, சூளை அடுக்குவது எல்லாம் பெரும்பாலும் அந்த அம்மாவின் கையால் நடக்கின்றன. அவர்களையே ஒரு பருவத்துக்குக் கலைஞராக அழைப்பது பற்றி இன்னும் முடிவாகவில்லை. கார்த்திகை, தை இரண்டும் அவர்களுக்கு வருமானக் காலம் என்பதால், மாசிக்குப் பிறகு வைத்தால் வருவோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை எழுத்தில் கொடுக்கக் கேட்டிருக்கிறேன்.

சக்கரத்தடி ஐயா சொன்ன முறையில் முதல் வரிசைச் சோதனைத் தட்டுகள் பிஸ்க் (கிளேஸ் பூசுவதற்கு முன் சுடும் முதல் சூடு) முடிந்து கிளேஸுக்குக் காத்திருக்கின்றன. குளத்து மண்ணை எலுமிச்சை வைத்துப் பார்த்தேன்: கரையோரத்து மண் நுரைத்தது, நடுப்பள்ளத்து மண் நுரைக்கவில்லை. கல்தேடி அவர்களே, கிணற்றுக் கல்லில் நெஃபலின் இருக்கிறதா என்று கண்ணால் கண்டுகொள்ள வழி உண்டா? குவார்ட்ஸ் என்று எண்ணி ஒதுக்கிய சாம்பல் நிறத் துண்டுகள் சில வரப்பில் கிடக்கின்றன. அவற்றை வெளிச்சத்தில் படம் எடுத்து நாளை இங்கே இடுகிறேன்.